தடுமாறவும் உரிமை வேண்டும்

செமஸ்டர் ரிசல்ட் வந்த வாரம் அது. எங்கள் ஊர்க் காலனியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். அங்கே தவறாமல் வந்து சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக்காட்டும் தம்பி ஒருவன் மூன்று நாளாக வரவில்லை. அவன் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவன்தான். விசாரித்தபோது முதல் செமஸ்டரிலேயே மூன்று அரியர் என்று தெரிந்தது. வீட்டுக்குப் போனோம்.

“அண்ணே, நான் திருப்பூருக்குப் போறேன். பனியன் கம்பெனியில மாமா வேலை சொல்லி வச்சிருக்காரு” என்றான்.

முதல் செமஸ்டரில் அரியர் வைக்காதவர்கள் எத்தனை பேர், அதற்காகவா படிப்பை விடுவது என்று கேட்டோம். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: “அவங்க வச்சா அது அரியர்ணே. நான் வச்சா, கோட்டாவுல வந்தவன் அப்படித்தான்னு சொல்றாங்க.”

அவன் சொன்னதற்கு எங்களிடம் உடனே பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து அவனுக்கு ஒரு கூடைப்பந்து அணியின் கதையைச் சொன்னோம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. 1991-92ஆம் கல்வியாண்டில் அதன் அணியில் ஆடிய முதலாண்டு மாணவர்கள் ஐந்து பேரின் கதை. எல்லாரும் 18, 19 வயதுப் பிள்ளைகள். ஐவரும் கறுப்பினத்தவர்கள். ஜெயித்தார்கள், தோற்றார்கள், மறுபடி ஜெயித்தார்கள், கடைசியில் தோற்றார்கள். அந்தக் கதையை இங்கே உங்களுக்கும் சொல்கிறோம்.

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் கதை நமக்கு அந்நியமானதல்ல. மகாத்மா ஜோதிராவ் பூலே 1873-இல் எழுதிய ‘குலாம்கிரி’ நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1946-இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, தீண்டத்தகாதோரின் நிலைக்கும் அங்குள்ள கறுப்பர்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டினார். டு பாய்ஸும் பதில் எழுதினார். 1972-இல் பம்பாயில் பிறந்த தலித் பேந்தர்ஸ் இயக்கத்தின் பெயரே அங்குள்ள பிளாக் பேந்தர்ஸிடமிருந்து வந்ததுதான். ஆகவே அங்கே நடந்ததைப் பார்க்கும் பழக்கம் நமக்குப் பழையது.

ஐந்து வீட்டுப் பிள்ளைகள்

கூடைப்பந்தில் ஒரு நேரத்தில் ஒரு அணிக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த விளையாட்டுக்கு உள்ள மவுசு நம் ஊர் கிரிக்கெட்டுக்கு உள்ளது போல. 1972 வரை முதலாண்டு மாணவர்களைப் பிரதான அணியில் இறக்கவே விதி இடம் தரவில்லை. அதற்குப் பிறகும் மூத்த மாணவர்களே ஆடுவதும் புதியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொள்வதும்தான் பெரும்பாலும் வழக்கமாக இருந்தது.

மிச்சிகன் அணி 1989-இல் தேசிய சாம்பியன். ஆனால் 1990-91-இல் 14 வெற்றி, 15 தோல்வி என்று சரிந்துவிட்டது. அந்தச் சரிவுக்குப் பிறகு பயிற்சியாளர் ஸ்டீவ் ஃபிஷர் ஒரே ஆண்டில் ஐந்து இளைஞர்களைக் கொண்டுவந்து சேர்த்தார்.

கிறிஸ் வெபரும் ஜேலன் ரோஸும் டெட்ராய்ட் நகரத்துப் பிள்ளைகள், சிறுவயது நண்பர்கள். டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகளின் ஊர். தெற்கு மாநிலங்களில் பருத்திக் காட்டு வேலையையும் இனக்கொடுமையையும் விட்டுத் தப்பி, ஆலை வேலை தேடி வந்த கறுப்பினக் குடும்பங்கள் நிறைந்த ஊர். வெபரின் தந்தை கார் ஆலைத் தொழிலாளி, தாய் ஆசிரியை. பையனை உள்ளூர்ப் பள்ளியில் விடாமல், பணக்கார வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளியில் படிக்க வைத்தார்கள். ரோஸின் தாயும் கார் கம்பெனி ஊழியர், தனியாளாகப் பிள்ளைகளை வளர்த்தவர். தந்தை ஜிம்மி வாக்கர் புகழ்பெற்ற தொழில்முறை கூடைப்பந்து வீரர். ஆனால் அந்தத் தந்தை உயிரோடு இருந்தவரை மகன் அவரை நேரில் சந்தித்ததே இல்லை.

ஜுவான் ஹோவர்ட் சிகாகோவில் பாட்டி வளர்த்த பிள்ளை. மிச்சிகனில் சேர ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்துப் போட்ட அதே நாளில் அந்தப் பாட்டி மாரடைப்பில் இறந்துபோனார். ஜிம்மி கிங், ரே ஜாக்சன் இருவரும் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து வந்தவர்கள்.

பத்திரிகைகள் இந்த ஐவருக்கும் ‘ஃபேப் ஃபைவ்’ என்று பெயர் வைத்தன. ‘அற்புத ஐவர்’ என்று சொல்லலாம். பெயர் வைத்த கையோடு எதிர்பார்ப்பையும் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

ஏறி இறங்கிய ஓர் ஆண்டு

1991 டிசம்பர் 14. ஆட்டங்கள் தொடங்கிச் சில நாள்களே ஆகியிருந்தன. நடப்புச் சாம்பியனும் நாட்டின் முதல்நிலை அணியுமான டியூக் பல்கலைக்கழகம் மிச்சிகனின் சொந்த மைதானத்துக்கு ஆட வந்தது. பள்ளிக்கூடம் முடித்து ஆறு மாதம்கூட ஆகாத பையன்கள் அவர்களைக் கூடுதல் நேர ஆட்டம் வரை இழுத்துச் சென்றார்கள். கடைசியில் 88-85 என்று மூன்று புள்ளியில் தோற்றார்கள். நாடே திரும்பிப் பார்த்தது.

அதன் பிறகு நேராக உச்சிக்குப் போனார்களா என்றால் இல்லை. தங்கள் வட்டாரத்தின் ‘பிக் டென்’ போட்டித் தொடரில் 18 ஆட்டங்கள் ஆடினார்கள். 11 வெற்றி, 7 தோல்வி. ஒரு வாரம் யாரும் நிறுத்த முடியாதவர்களாகத் தெரிந்தார்கள். அடுத்த வாரம் பந்தைத் தவறான கைக்குக் கொடுத்து, கையில் இருந்த ஆட்டத்தை விட்டார்கள். வட்டாரச் சாம்பியனான ஒஹாயோ ஸ்டேட் அணியிடம் அந்தத் தொடரில் இரண்டு முறையும் தோற்றார்கள்.

ஐவரும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக இறக்கப்படவும் இல்லை. அணியில் மூத்த மாணவர்கள் இருந்தார்கள், அவர்களை ஓரங்கட்டுவது எளிதல்ல. 1992 பிப்ரவரி 9-இல் நோட்ரடாம் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில்தான் முதல்முறையாக ஐந்து முதலாண்டு மாணவர்களும் சேர்ந்து ஆட்டத்தைத் தொடங்கினார்கள். அன்று மிச்சிகன் எடுத்த புள்ளிகள் அத்தனையும் அந்த ஐவர் எடுத்தவையே. வேறு எவர் கையிலிருந்தும் ஒரு புள்ளிகூட வரவில்லை. மிச்சிகன் ஜெயித்தது. அதன் பிறகும் தோல்விகள் வந்தன. தேசியப் போட்டிக்குள் நுழையும்போது அவர்கள் கணக்கு 20 வெற்றி, 8 தோல்வி.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இது சாதாரணமான கணக்குதான். கற்றுக்கொள்ளும் வயதில் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். ஆனால் அவர்களுடைய தோல்வியை ஊர் சாதாரணமாக எடுத்துக்கொண்டதா?

தொளதொள டவுசரும் வந்த கடிதங்களும்

அந்தக் காலத்தில் கூடைப்பந்து வீரர்கள் தொடை தெரியும் அளவுக்குக் குட்டை டவுசர் போட்டு ஆடுவார்கள். இந்த ஐவரும் முழங்கால் வரை தொங்கும் தொளதொள டவுசர் கேட்டு வாங்கிப் போட்டார்கள். கறுப்பு சாக்ஸ் அணிந்தார்கள். சிலர் தலையை மழித்துக்கொண்டார்கள். ராப் இசை கேட்டார்கள். பந்தைக் கூடைக்குள் அறைந்துவிட்டுச் சத்தம் போட்டார்கள், சிரித்தார்கள், எதிரணிக்காரனிடம் வாய் கொடுத்தார்கள். டெட்ராய்ட், சிகாகோ தெருக்களில் பிள்ளைகள் எப்படி ஆடுவார்களோ அப்படியே பல்கலைக்கழக மைதானத்திலும் ஆடினார்கள்.

கறுப்பினப் பிள்ளைகள் அவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். நாடெங்கும் கடைகளில் மிச்சிகன் பனியன்கள் விற்றுத் தீர்ந்தன. இன்னொரு பக்கம் பயிற்சியாளருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கடிதங்கள் வந்தன. பழைய மாணவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களும் அவற்றை எழுதியிருந்தார்கள். இனத்தைச் சொல்லித் திட்டும் வசைகள், ‘பொறுக்கிகள்’, ‘பல்கலைக்கழகத்தின் மானம் போகிறது’ என்ற தோரணை. 2011-இல் வெளிவந்த ‘தி ஃபேப் ஃபைவ்’ ஆவணப்படத்தில் அந்தக் கடிதங்களைக் காட்டினார்கள்.

இங்கே இன்னொரு சம்பவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே 1992 தேசியப் போட்டியில், மார்ச் 28 அன்று டியூக் அணியும் கென்டக்கி அணியும் மோதின. டியூக்கின் நட்சத்திரம் கிறிஸ்டியன் லேட்னர் ஒரு வெள்ளையர். கீழே விழுந்து கிடந்த கென்டக்கியின் முதலாண்டு மாணவர் ஒருவரின் நெஞ்சில் அவர் காலால் மிதித்தார். நடுவர் ஒரு தண்டனைப் பிழை கொடுத்தார், ஆட்டத்தை விட்டு வெளியேற்றவில்லை. அதே லேட்னர் கடைசி நொடியில் பந்தைப் போட்டு 104-103 என்று டியூக்கை ஜெயிக்க வைத்தார். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்றாக இன்றும் அதைப் போட்டுக் காட்டுகிறார்கள்.

லேட்னரைத் திட்டியவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் அவரைத் திட்டியவர்கள் அவரை மட்டும்தான் திட்டினார்கள். ‘வெள்ளைக்காரப் பையன்களே இப்படித்தான்’ என்று யாரும் சொல்லவில்லை. மிச்சிகன் பையன்கள் டவுசரை நீளமாகப் போட்டதற்கு அவர்கள் பிறந்த இனமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது.

எங்கள் தம்பி சொன்னது இதைத்தான். ஆதிக்கத்தில் இருப்பவரின் தவறு ஒரு தனி ஆளின் தவறாகப் போய்விடுகிறது. ஒடுக்கப்பட்டவரின் தவறு அவர் சமூகத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. புல்லட் ஓட்டினால் திமிர், கூலிங் கிளாஸ் போட்டால் திமிர், கல்லூரிக்கு இஸ்திரி போட்ட சட்டையில் போனால் திமிர் என்று கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்த டவுசர் சண்டையை யாரும் விளக்கவேண்டியதில்லை.

64 அணிகளில் மிஞ்சிய இரண்டு

தேசியப் போட்டியில் அப்போது 64 அணிகள். ஒரு முறை தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மிச்சிகன் தன் பிரிவில் ஆறாம் நிலை அணியாகத்தான் உள்ளே போனது. டெம்பிள், ஈஸ்ட் டென்னசி ஸ்டேட், ஓக்லஹோமா ஸ்டேட் என்று மூன்று அணிகளைத் தாண்டியது. அடுத்து எதிரே நின்றது ஒஹாயோ ஸ்டேட். அந்த ஆண்டில் இவர்களை இரண்டு முறை தோற்கடித்த அதே அணி. மூன்றாம் முறை கூடுதல் நேர ஆட்டத்தில் 75-71 என்று மிச்சிகன் ஜெயித்தது. அரையிறுதியில் சின்சினாட்டி அணியை 76-72 என்று வென்றது.

1992 ஏப்ரல் 6, மின்னியாபொலிஸ் நகரம். இறுதி ஆட்டத்தை ஐந்து முதலாண்டு மாணவர்களைக் கொண்டு தொடங்கிய முதல் அணி மிச்சிகன்தான். எதிரே மறுபடியும் டியூக். பாதி ஆட்டம் முடிந்தபோது மிச்சிகன் 31, டியூக் 30. ஒரு புள்ளி முன்னிலை. இரண்டாம் பாதியில் டியூக் 41 புள்ளி எடுத்தது. மிச்சிகன் 20 மட்டும். ஆட்டம் 71-51 என்று முடிந்தது.

அனுபவமுள்ள அணி, தவறிலிருந்து எழ நேரம் கொடுக்காமல் அடித்தது. பையன்கள் களைத்துப்போனார்கள், அவசரப்பட்டார்கள். மொத்தக் கணக்கு 25 வெற்றி, 9 தோல்வி. முந்தைய ஆண்டு 14 ஆட்டம் மட்டுமே ஜெயித்த அணி அது. கோப்பை வரவில்லை என்பதைத் தவிர அந்த ஆண்டில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பனியன் விலை யார் பைக்குள் போனது?

இந்தக் கதையில் பணம் வருகிறது. அதை விட்டுவிட்டுப் பேசினால் கதை பாதிதான்.

1991-இல் தொடங்கி ஏழு ஆண்டுகளுக்கு இந்தத் தேசியப் போட்டியை ஒளிபரப்பும் உரிமைக்கு ஒரு தொலைக்காட்சி நிறுவனம் கொடுத்த தொகை 100 கோடி டாலர். பயிற்சியாளர்களுக்குப் பெரிய சம்பளம். ஷூ கம்பெனிகளுக்கு விளம்பரம். பல்கலைக்கழகத்துக்குப் பனியன் விற்ற பங்கு. ஆடியவர்களுக்குக் கிடைத்தது கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம். அதற்கு மேல் ஒரு டாலர் வாங்கினாலும் விதிமீறல். தன் எண் போட்ட பனியன் கடையில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு, கையில் செலவுக்குக் காசில்லாமல் நின்றதைப் பற்றி வெபர் பேசியிருக்கிறார்.

அடுத்த ஆண்டு, 1992-93-இல், அணி 31 ஆட்டங்களை வென்று 5-இல் மட்டும் தோற்றது. மறுபடியும் இறுதி ஆட்டம். நார்த் கரோலினா 73, மிச்சிகன் 71. மிச்சம் 11 வினாடி. பந்து வெபர் கையில். இரண்டு எதிராளிகள் மறித்துக்கொள்ள, அவர் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி டைம்-அவுட் கேட்டார். அணிக்குத் தரப்பட்ட டைம்-அவுட்கள் ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தன. அது பிழை. எதிரணிக்கு இலவச வீச்சு கிடைத்தது, ஆட்டம் 77-71 என்று போனது. 20 வயதுப் பையன் அழுதுகொண்டே மைதானத்தைவிட்டு வெளியே போனான்.

அது ஆட்டத்தில் நேர்ந்த தவறு. வெளியே வேறொரு தவறும் நடந்திருந்தது. எட் மார்ட்டின் என்பவர் டெட்ராய்ட் கார் ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், சட்டவிரோத லாட்டரிச் சூதாட்டம் நடத்தியவர். வெபருக்கும் பிற்காலத்தில் மிச்சிகனில் ஆடிய வேறு மூவருக்கும் சேர்த்து 6,16,000 டாலர் கொடுத்ததாக அவர் ஒப்புக்கொண்டார். 2002-இல் பல்கலைக்கழகம் தானே முன்வந்து 1992-இன் அரையிறுதி, இறுதி ஆட்டங்களையும் 1992-93 ஆண்டு முழுவதையும் தன் பதிவேட்டிலிருந்து நீக்கியது. அரங்கத்தில் தொங்கிய பேனர்கள் இறக்கப்பட்டன. 25-9 என்ற கணக்கு இப்போது பதிவேட்டில் 24-8. வெபர் 2003-இல் நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2013 வரை பல்கலைக்கழகம் அவரோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளவில்லை.

வெபர் செய்ததை நியாயப்படுத்த நாங்கள் வரவில்லை. விதியை மீறியது தவறு, நீதிமன்ற விசாரணையில் உண்மையை மறைத்தது அதைவிடப் பெரிய தவறு. ஆனால் அந்த விதி யாருக்காகப் போடப்பட்டது என்று கேட்க வேண்டும். ஐவரில் மற்ற நான்கு பேர் அந்த நால்வர் பட்டியலில் இல்லை. அவர்கள் வியர்வை சிந்தி எடுத்த ஆட்டங்களும் சேர்ந்தே அழிக்கப்பட்டன. பனியன் விற்ற காசை யாரும் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. பிற்பாடு 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்லூரி வீரர்களுக்கான கல்விசார் உதவிகளுக்கு வரம்பு போட்டது செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. இன்று ஒரு கல்லூரி வீரர் விளம்பரத்தில் நடித்துப் பகிரங்கமாகப் பணம் வாங்கலாம். விதி மாற 30 ஆண்டு ஆனது.

நமக்குள்ளே நடக்கும் சண்டை

அந்த ஆவணப்படத்தில் ஜேலன் ரோஸ் ஒரு பேச்சுப் பேசினார். இளம் வயதில் டியூக் அணியைத் தான் வெறுத்ததாகவும், தன்னைப் போன்ற பிள்ளைகளை அவர்கள் சேர்க்கமாட்டார்கள் என்றும் சொல்லி, அங்கே ஆடிய கறுப்பின வீரர்களை ‘அங்கிள் டாம்’ என்றார். வெள்ளையருக்கு வால்பிடிப்பவன் என்று பொருள்படும் கடுமையான வசை அது. டியூக்கில் ஆடிய கிராண்ட் ஹில் படித்த, வசதியான கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளை. அப்பா யேல் பல்கலைக்கழகப் பட்டதாரி, புகழ்பெற்ற விளையாட்டு வீரர். கிராண்ட் ஹில் நியூயார்க் டைம்ஸில் பதில் எழுதினார். தன் பெற்றோர் படித்து முன்னேறிக் குடும்பத்தைக் கட்டிக்காத்தது இனத்துக்குச் செய்த துரோகம் ஆகுமா என்பது அவர் கேள்வியின் சாரம். அப்பா அம்மா இருவரும் உள்ள வீட்டைப் பார்த்து அன்று தனக்குப் பொறாமை இருந்ததாக ரோஸும் ஒளிக்காமல் சொன்னார்.

இந்தச் சண்டை நம் தெருவிலும் உண்டு. அரசு வேலைக்குப் போய் டவுனில் வீடு கட்டியவரைப் பார்த்து, ‘நம்மள மறந்துட்டான்’ என்கிறோம். டவுனில் வளர்ந்த பிள்ளைகள் ஊருக்கு வந்தால் காலனிப் பிள்ளைகளோடு ஒட்டுவதில்லை. இரண்டு பக்கமும் வலி இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்வோம்: மேலே ஏறியவரைத் துரோகி என்று சொன்னால் ஏணியை உடைத்தது நாமாகிவிடுவோம். ஏறியவர் கீழே கை நீட்டவில்லை என்றால் அந்த ஏணி அவரோடு முடிந்துவிடும். ரோஸ் 2011-இல் டெட்ராய்டில் தன் பெயரிலேயே ஒரு உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார். நுழைவுத் தேர்வு வைத்து வடிகட்டாத பள்ளி அது. கை நீட்டுவது என்றால் அதுதான்.

மைதானத்தில் ஐவர், வகுப்பறையில் எத்தனை பேர்?

ஐவரும் ஆடியபோது மிச்சிகன் பல்கலைக்கழகமே கறுப்பினத்தவருடையது போலத் தொலைக்காட்சியில் தெரிந்தது. வகுப்பறை வேறு மாதிரி இருந்தது.

1970-இலேயே அங்கே கறுப்பின மாணவர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். மொத்த மாணவர்களில் 10 விழுக்காடு கறுப்பினத்தவராக இருக்க வேண்டும் என்பது கோரிக்கை. 1973-க்குள் அந்த இலக்கை எட்ட நிர்வாகம் ஒப்புக்கொண்டது. எட்டவில்லை. 2003-இல் இதே பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி வழக்கில்தான், சேர்க்கையில் இனத்தையும் ஒரு காரணமாகக் கணக்கில் எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்றே ஆண்டில், 2006-இல், மிச்சிகன் மாநில வாக்காளர்கள் பொதுவாக்கெடுப்பில் அதைத் தடைசெய்தார்கள். விளைவு என்ன? 2006-இல் இளநிலை மாணவர்களில் சுமார் 7 விழுக்காடாக இருந்த கறுப்பினத்தவர் 2021-இல் சுமார் 4 விழுக்காடானார்கள். பல்கலைக்கழகமே உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த கணக்கு இது. அந்த மாநிலத்தின் மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 14 விழுக்காடு. 1970-இல் கேட்ட அதே 10 விழுக்காட்டை 2014-இல் மாணவர்கள் மறுபடியும் கேட்டு நிற்க வேண்டியிருந்தது.

உயரமான, வேகமாக ஓடுகிற கறுப்பினப் பிள்ளையைத் தேடி வீடு வீடாக ஆள் அனுப்பிய அதே உயர்கல்வி உலகம், கணக்கும் அறிவியலும் படிக்க ஆசைப்பட்ட கறுப்பினப் பிள்ளையைத் தேடிப் போகவில்லை. விளையாட்டு வீரன் பாடத்தில் பின்தங்கினால் தனி ஆசிரியர் வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். மற்றவன் பின்தங்கினால் ‘தகுதி இல்லை’ என்பார்கள். நம் பிள்ளைகள் பறையடிக்கவும் ஓடவும் கபடி ஆடவும் மேடைக்கு அழைக்கப்படுவார்கள், ஆய்வகத்துக்கும் ஆசிரியர் நாற்காலிக்கும் வரும்போது மட்டும் தகுதி பற்றிய பேச்சு எழும். இரண்டு நாட்டிலும் ஒரே கதைதான்.

அந்த ஐவரில் ஜுவான் ஹோவர்டை நாம் தனியே நினைவில் வைக்க வேண்டும். 1994-இல், நான்காம் ஆண்டுப் படிப்பு மீதி இருக்கும்போதே, தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். கோடிக்கணக்கில் பணம் வந்தது. படிப்பை விடவில்லை. தொழில்முறை ஆட்டம் ஆடிக்கொண்டே மீதிப் பாடங்களை முடித்து, தன்னோடு சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கிய 1995-இலேயே தானும் பட்டம் வாங்கினார். பிற்காலத்தில் 2019-இல் அதே மிச்சிகன் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். ரோஸும் 2005-இல், 30 வயதைத் தாண்டிய பிறகு, பட்டத்தை முடித்தார். பேனரை இறக்கிவிடலாம், பதிவேட்டில் கோடு போடலாம். படித்து வாங்கிய பட்டத்தை எவரும் இறக்க முடியாது.

750-க்கு 282

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தத் தம்பியிடம் ஒரு கணக்குக் கேட்டோம். 1907-இல் ஒரு மாணவர் மெட்ரிகுலேஷன் தேர்வில் 750-க்கு 282 மதிப்பெண் எடுத்தார். எத்தனை விழுக்காடு? மனக்கணக்கில் சொல்லிவிட்டான்: 38-க்குக் கொஞ்சம் குறைவு. அந்த மாணவர் பெயர் பீமராவ் என்றோம். நிமிர்ந்து பார்த்தான்.

அதே அம்பேத்கர் லண்டனில் ரூபாயின் பிரச்சினை பற்றிக் கொடுத்த ஆய்வேடு, திருத்தி எழுதும்படி 1923-இல் திருப்பி அனுப்பப்பட்டது. திருத்தினார், மறுபடி கொடுத்தார், அந்த ஆண்டிலேயே முனைவருக்கும் மேலான டி.எஸ்சி. பட்டம் பெற்றார். 282 மதிப்பெண் வாங்கிய அன்று ‘இதற்கு மேல் இவனுக்கு வராது’ என்று அவரே முடிவு செய்திருந்தால் நம் நிலை என்னவாகியிருக்கும்?

நாம் எப்போதும் வெற்றி பெற்றவர்களையே பிள்ளைகளுக்கு உதாரணம் காட்டுகிறோம். கலெக்டர் ஆனவர், டாக்டர் ஆனவர், மாநிலத்தில் முதலிடம் வந்தவர். அது தேவைதான். ஆனால் அதைக் கேட்டே வளரும் பிள்ளை, முதலிடம் வராவிட்டால் தனக்கு இங்கே இடமில்லை என்று நினைத்துக்கொள்கிறது. உரிமை என்பது கெட்டிக்காரனுக்கு மட்டும் உரியதா? மற்ற வீட்டுப் பிள்ளைகளைப் போல நம் பிள்ளைகளும் சுமாராகப் படிக்கலாம், ஒரு பாடத்தில் தவறலாம், மறுபடி எழுதலாம், மெதுவாகத் தேறலாம். 11 வென்று 7 தோற்ற அணி பிறகு இறுதி ஆட்டம் வரை போனது, ஏழு தோல்விக்கும் பிறகு அடுத்த ஆட்டத்துக்கு அது வந்து நின்றதால்தான்.

பெற்றோருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரிசல்ட் வரும் வாரத்தில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அரியர் என்றால் என்ன, மறுபடி எழுதலாமா, எப்போது கட்டணம் கட்ட வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே கல்லூரி முடித்த அண்ணன்மார், அக்காமார் ஊரில் இருந்தால் வாரத்தில் ஒரு மாலை புதியவர்களோடு உட்காருங்கள். மிச்சிகன் ஐவர் தாங்கிக்கொண்டதற்குப் பெரிய காரணம், அவர்கள் ஐந்து பேராக இருந்தார்கள் என்பது. தனியாளாக இருந்தால் அந்தக் கடிதங்களில் ஒன்றே போதும், மூட்டை கட்டியிருப்பார்கள்.

அந்தத் தம்பி திருப்பூருக்குப் போகவில்லை. மூன்று அரியரில் இரண்டை முடித்துவிட்டான். மூன்றாவது இன்னும் நிற்கிறது, ஒரு முறை எழுதி மறுபடியும் போய்விட்டது. இந்த முறை அவன் வீட்டுக்கு நாங்கள் போக வேண்டியிருக்கவில்லை. ரிசல்ட் வந்த அன்று மாலையே வழக்கம்போல வந்து உட்கார்ந்து, ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டியாகிவிட்டது.